சந்தோஷமான நாட்டில் வேலை கிடைத்திருக்கிறது, போகலாமா?

வாசகி ஒருவர் நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். அடையாளம் தெரியக்கூடிய விவரங்களை எடுத்துவிட்டுச் சுருக்கமாகத் தருகிறேன்.

வயது 42. மென்பொருள் நிறுவனமொன்றில் பொறுப்பான பதவி. கணவர் கல்லூரி ஆசிரியர். 14 வயதில் ஒரு மகள். வாசகியின் தாயாரும் இவர்களுடனேயே இருக்கிறார். உலக மகிழ்ச்சிப் பட்டியலில் வருடா வருடம் முன்வரிசையில் வரும் ஒரு நாட்டில் இவருக்கு வேலை கிடைத்திருக்கிறது. இப்போது கையில் வாங்குவதைப்போல இரண்டரை மடங்கு சம்பளம். ஒரு மாதத்துக்குள் பதில் சொல்ல வேண்டும்.

கணவருக்கு விருப்பமில்லை. "ஒரு அளவுக்கு மேல் பணம் சந்தோஷம் தராது, ஆராய்ச்சியிலேயே நிரூபித்துவிட்டார்கள். பூட்டானைப் பார், பணம் இல்லாமலே சந்தோஷமாக இருக்கிறார்கள். நம் நாடும் வளர்ந்துகொண்டுதானே இருக்கிறது, பத்து வருடத்தில் அந்த வசதியெல்லாம் இங்கேயே வந்துவிடும்" என்கிறாராம். வாசகி சும்மா இருக்கவில்லை. கணினியில் ஒரு அட்டவணை போட்டிருக்கிறார்: சம்பளம், சேமிப்பு, காற்றின் தரம், பள்ளி, மருத்துவம், கடைசியாக நாட்டின் மகிழ்ச்சி மதிப்பெண். எல்லாக் கட்டத்திலும் புது நாடுதான் ஜெயிக்கிறது. அங்கே ஏற்கெனவே போன தோழிகளும் "நல்ல முடிவு, தைரியமாக வா" என்கிறார்கள். "இவ்வளவு தெளிவாக இருக்கும்போது அவருக்கு ஏன் புரியவில்லை? நான்தான் பணத்தாசை பிடித்தவளா?" என்று முடித்திருக்கிறார்.

சகோதரி, கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். நீங்கள் பணத்தாசை பிடித்தவர் இல்லை. உங்கள் கணவரும் புரியாதவர் இல்லை. இருவரும் ஆளுக்கொரு புள்ளிவிவரத்தைக் கையில் வைத்துக்கொண்டு வாதாடுகிறீர்கள், இரண்டு பக்கமும் பாதிதான் சரி. முக்கியமான விஷயம் இரண்டு பேருடைய வாதத்திலும் இல்லை. உங்கள் கடிதத்தில் அது ஒரே ஒரு வரியாக வருகிறது. கடைசியில் அதற்கு வருகிறேன்.

"ஒரு அளவுக்கு மேல் பணம்..."

உங்கள் கணவர் சொல்வது 2010-இல் வந்த ஒரு ஆய்வை. உளவியலாளர் டேனியல் கானமன், பொருளாதார அறிஞர் ஆங்கஸ் டீட்டன் இருவரும் அமெரிக்காவில் கேலப் என்ற கருத்துக்கணிப்பு நிறுவனம் திரட்டிய சுமார் 4,50,000 பதில்களை அலசினார்கள். ஆண்டு வருமானம் ஏறத்தாழ 75,000 டாலரைத் தாண்டிய பிறகு அன்றாட மனநிலை மேலும் உயர்வதில்லை என்று கண்டார்கள். ஊடகங்கள் அந்த இடத்தோடு படிப்பதை நிறுத்திவிட்டன என்று நினைக்கிறேன். அதே கட்டுரையின் மறுபாதி வேறு. "உங்கள் வாழ்க்கையை மொத்தமாகப் பார்த்தால் எத்தனை மதிப்பெண் கொடுப்பீர்கள்" என்று கேட்டபோது, அந்த மதிப்பெண் 75,000-ஐத் தாண்டியும் வருமானத்தோடு சேர்ந்து ஏறிக்கொண்டே போனது.

கதை அதோடும் முடியவில்லை. 2021-இல் மேத்யூ கில்லிங்ஸ்வர்த் என்பவர் வேலைக்குப் போகும் 33,391 அமெரிக்கர்களைக் கைபேசிச் செயலி வழியாகப் பகலில் அவ்வப்போது கூப்பிட்டு, "இந்த நிமிடம் எப்படி இருக்கிறீர்கள்" என்று கேட்டார். அவர் தரவில் அன்றாட மனநிலையும் 75,000-இல் நிற்கவில்லை. கானமன் பிடிவாதம் பிடிக்கவில்லை. பார்பரா மெல்லர்ஸ் என்ற உளவியலாளரை நடுவராக வைத்துக்கொண்டு, தன்னை மறுத்தவரோடே உட்கார்ந்து இரண்டு தரவையும் மறுபடி பார்த்தார். 2023-இல் மூவரும் சேர்ந்து எழுதிய முடிவு இது: பெரும்பாலானவர்களுக்கு வருமானம் கூடக் கூடச் சந்தோஷமும் கூடுகிறது. மிகவும் வருத்தத்தில் இருக்கும் ஐந்தில் ஒரு பங்கினருக்கு மட்டும் அது ஏறத்தாழ 1,00,000 டாலர் வரை உயர்ந்து, அப்புறம் நின்றுவிடுகிறது. பிரிவு, இழப்பு, மனச்சோர்வு போன்றவற்றில் ஓரளவுக்குத்தான் பணம் கைகொடுக்கும் என்று இதைப் புரிந்துகொள்ளலாம். (தம்பதிகள் இப்படி ஒரு நடுவரை வைத்துக்கொண்டு தங்கள் கணக்கை மறுபடி பார்த்தால் எனக்குப் பாதி வேலை குறையும்.)

ஆக, அவருடைய வாதம் பழசாகிவிட்டது. ஆனால் உங்கள் அட்டவணைக்கும் இதில் ஒரு எச்சரிக்கை இருக்கிறது. இந்த ஆய்வுகள் எல்லாமே வருமானத்தை விகிதத்தில்தான் பார்க்கின்றன. எவ்வளவு கூடியது என்பதைவிட எத்தனை மடங்கு ஆனது என்பதே கணக்கு. அதனால் உங்கள் "இரண்டரை மடங்கு" உண்மையிலேயே இரண்டரை மடங்குதானா என்று பார்த்துவிட வேண்டும்.

உங்கள் கைக்கு வருவதை 100 என்று வைத்துக்கொள்ளுங்கள். கணவருக்கு 80 என்று உங்கள் கடிதத்திலிருந்து ஊகிக்கிறேன். குடும்பத்துக்கு 180. புதுச் சம்பளம் 250, ஆனால் அது வரிக்கு முன் என்று நீங்களே ஓரத்தில் எழுதியிருக்கிறீர்கள். மூன்றில் ஒரு பங்கு வரிக்கும் பிடித்தங்களுக்கும் போகிறது என்று வைத்தால் கையில் 167. கணவருக்கு அங்கே வேலை கிடைக்கும்வரை குடும்பத்தின் மொத்த வருமானமும் அவ்வளவுதான். இது நாணய மாற்று விகிதத்தில் போட்ட கணக்கு. அந்த ஊர் வாடகையையும் விலைவாசியையும் வைத்து வாங்கும் திறனாக மாற்றினால் இன்னும் இறங்கும். வரி விகிதம் நான் ஊகித்ததைவிடக் குறைவாக இருக்கலாம், நிறுவனம் வீட்டுக்கு உதவலாம். சரியான எண்களை அவர்களிடமே வாங்கிப் போட்டுப் பாருங்கள். இரண்டரை மடங்கு என்ற எண் மட்டும் நிற்காது.

பட்டியலில் முன்வரிசை என்றால் என்ன?

உலக மகிழ்ச்சி அறிக்கை 2012 முதல் வருகிறது. அதில் வரும் மதிப்பெண் சிரிப்பையோ குதூகலத்தையோ அளப்பதில்லை. ஹேட்லி கான்ட்ரில் என்ற உளவியலாளர் 1960-களில் வகுத்த ஒரே ஒரு கேள்விதான். பத்துப் படி கொண்ட ஏணியைக் கற்பனை செய்துகொள்ளுங்கள், உச்சியில் உங்களுக்குச் சாத்தியமான மிக நல்ல வாழ்க்கை, தரையில் மிக மோசமானது, இப்போது எந்தப் படியில் நிற்கிறீர்கள்? ஒரு நாட்டில் வருடத்துக்குச் சுமார் 1,000 பேரிடம் கேட்டு, மூன்று வருடச் சராசரியை எடுக்கிறார்கள். 2018-லிருந்து 2025 வரை பின்லாந்துதான் முதலிடம். தனிநபர் வருமானம், ஆபத்தில் உதவ ஆள் இருப்பது, ஆரோக்கியமான ஆயுள், விரும்பியபடி வாழும் சுதந்திரம், ஈகை, ஊழல் இல்லை என்ற நம்பிக்கை ஆகிய ஆறையும் வைத்து நாடுகளுக்கிடையே உள்ள வித்தியாசத்தை விளக்க முயல்கிறார்கள். ஆறில் வருமானம் ஒன்றுதான் என்பதைக் கவனியுங்கள். ஆள்துணை, சுதந்திரம், நம்பிக்கை போன்றவையும் சேர்ந்தே பேசுகின்றன.

இந்தச் சந்தோஷம் குடியேறிப் போகிறவருக்கும் கிடைக்குமா? 2018 அறிக்கை இதையே எடுத்துக்கொண்டு ஆராய்ந்தது. குடியேறியவர்களின் மதிப்பெண்ணும் அந்தந்த நாட்டு மக்களின் மதிப்பெண்ணை ஒட்டியே இருந்தது. குடியேறியவர்களின் மதிப்பெண்ணை வைத்து 117 நாடுகளை வரிசைப்படுத்தியபோதும் பின்லாந்துதான் முதலில் வந்தது. இது உங்கள் பக்கம் பேசும் உண்மை, கணவரிடம் தாராளமாகச் சொல்லுங்கள்.

ஆனால் தோழிகளின் சாட்சியத்தை அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். நியூசிலாந்து ஒவ்வொரு வருடமும் டோங்கா தீவு மக்களில் சிலரைக் குலுக்கல் முறையில் குடியேற அனுமதிக்கிறது. ஆய்வாளர்களுக்கு இது நல்ல வாய்ப்பு. குலுக்கலில் பெயர் வந்து போனவர்களையும், விண்ணப்பித்தும் பெயர் வராமல் ஊரிலேயே இருந்தவர்களையும் ஒப்பிட்டார்கள். போனவர்களின் வருமானம் பெரிதும் உயர்ந்திருந்தது. மனநலமும் மேம்பட்டிருந்தது. சந்தோஷமாக இருக்கிறீர்களா என்று கேட்டதில் மட்டும் குறைந்திருந்தது. சமூகத்தில் தனக்கு எவ்வளவு மரியாதை என்ற கேள்வியில் ஒரு வேடிக்கை. போனவர்களையே "முன்பைவிட இப்போது எப்படி" என்று கேட்டால், கூடியிருக்கிறது என்றார்கள். ஊரில் இருந்தவர்களோடு ஒப்பிட்டுப் பார்த்தால் குறைந்திருந்தது. யாரும் பொய் சொல்லவில்லை. அவ்வளவு பெரிய முடிவை எடுத்துவிட்டவருக்கு, பழைய வாழ்க்கை நினைவில் கொஞ்சம் மங்கலாகத்தான் தெரியும். தோழிகளிடம் "நல்ல முடிவா" என்று கேட்காமல், "போன வாரம் செவ்வாய்க்கிழமை சாயங்காலம் என்ன செய்துகொண்டிருந்தாய், கூட யார் இருந்தார்கள்" என்று கேளுங்கள். அந்தப் பதில் உபயோகப்படும்.

பூட்டான் விஷயம் சுருக்கமாக. மொத்த தேசிய மகிழ்ச்சி என்ற கொள்கையை 1970-களில் முன்வைத்தவர் அந்நாட்டின் அப்போதைய மன்னர் ஜிக்மே சிங்யே வாங்சுக். அதை ஒன்பது துறைகளாகப் பிரித்து, 33 குறியீடுகளாக அளக்கிறார்கள். அக்கறையான முயற்சி, மற்ற அரசுகளும் பார்த்துக் கற்கலாம். ஆனால் மகிழ்ச்சியைக் கொள்கையாக வைத்திருப்பதால் ஒரு நாடு மகிழ்ச்சியில் முதலிடம் பெற்றுவிடாது. 2019 உலகப் பட்டியலில் 156 நாடுகளில் பூட்டானுக்கு 95-ஆவது இடம். அங்கிருந்தும் இளைஞர்கள் ஏராளமாக ஆஸ்திரேலியாவுக்குப் போய்க்கொண்டிருக்கிறார்கள். உங்கள் கணவர் கோஸ்டா ரிக்காவைச் சொல்லியிருந்தால் பதில் சொல்ல எனக்குக் கஷ்டமாக இருந்திருக்கும். தன்னைவிடப் பல மடங்கு பணக்கார நாடுகளைத் தாண்டி, 2025-இல் அது ஆறாவது இடத்துக்கு வந்தது. குடும்ப உறவும் நட்பு வட்டமும் நெருக்கமாக இருப்பது அதற்குச் சொல்லப்படும் காரணங்களில் ஒன்று. அவர் மனதில் இருப்பது அதுதான் என்று நினைக்கிறேன், உதாரணத்தைத்தான் தவறாக எடுத்துவிட்டார்.

நாடு வளர்ந்தால் நாமும்?

"பத்து வருடத்தில் எல்லாம் இங்கேயே வந்துவிடும்" என்ற வாதத்தை ரிச்சர்ட் ஈஸ்டர்லின் என்ற பொருளாதார அறிஞர் 1974-லேயே கேள்விக்கு உட்படுத்தினார். ஒரே நாட்டுக்குள் ஒரே சமயத்தில் பார்த்தால் பணக்காரர்கள் ஏழைகளைவிடச் சந்தோஷமாக இருக்கிறார்கள். ஆனால் நாடு முழுவதும் வருடக்கணக்காகப் பணக்காரனாகும்போது, சராசரிச் சந்தோஷம் அதே வேகத்தில் ஏறுவதில்லை. பக்கத்தில் இருப்பவரோடு ஒப்பிட்டே நாம் திருப்தி அடைகிறோம், எல்லோரும் சேர்ந்து ஏறினால் ஒப்பீடு மாறுவதில்லை என்பது அவர் விளக்கம். 2008-இல் பெட்ஸி ஸ்டீவன்சன், ஜஸ்டின் வுல்ஃபர்ஸ் என்ற பொருளாதார அறிஞர்கள் இருவரும் இதை மறுத்தார்கள். பணக்கார நாடுகள் ஏழை நாடுகளைவிடத் தெளிவாகவே திருப்தியாக இருக்கின்றன, வருமானத்தோடு திருப்தியும் ஏறும் கோடு எங்கும் தட்டையாவதில்லை என்றார்கள். விவாதம் இன்றும் ஓயவில்லை.

எனக்கு இதில் பயனுள்ளதாகப் படுவது சீனாவின் அனுபவம். 1990-லிருந்து 2010 வரை அங்கே தனிநபர் நுகர்வு நான்கு மடங்காவது உயர்ந்தது. அதே காலத்தில் வாழ்க்கைத் திருப்தி முதலில் இறங்கி, 2000-களின் நடுவில்தான் மெதுவாகத் திரும்பி ஏறியது. ஈஸ்டர்லினும் அவருடைய குழுவினரும் சொன்ன காரணம் வேலையின்மையும் பாதுகாப்பு வலை அறுந்ததும். அரசு நிறுவனங்கள் ஆட்களைக் குறைத்தபோது சம்பளத்தோடு மருத்துவம், ஓய்வூதியம், வீடு எல்லாமே ஆட்டம் கண்டன. வளர்ச்சி வருகிறது என்பது மட்டும் போதாது, அது வரும் வழியில் யாருடைய வேலை போகிறது என்பதும் பார்க்க வேண்டியது. இந்த இடத்தில்தான் உங்கள் வீட்டு விஷயத்துக்கு வருகிறேன்.

அட்டவணையில் இல்லாத கட்டம்

உங்கள் கடிதத்தில் சம்பளத்தைப் பற்றி ஒரு பக்கத்துக்கு மேல் எழுதியிருக்கிறீர்கள். கணவரின் வேலையைப் பற்றி எழுதியிருப்பது இவ்வளவுதான்: "அவர் அங்கே வந்து ஏதாவது பார்த்துக்கொள்வார்." அந்த வரியை நான் திரும்பத் திரும்பப் படித்தேன்.

மகிழ்ச்சி பற்றிய ஆய்வுகளில் வேலையிழப்பைப்போல ஒருமுகமாகப் பேசும் விஷயம் குறைவு. ஜெர்மனியில் 24,000-க்கும் மேற்பட்டவர்களை 15 வருடம் தொடர்ந்து கவனித்த ஓர் ஆய்வில், வேலை இழந்தவர்களின் திருப்தி சடாரென்று விழுந்தது. மறுபடி வேலை கிடைத்த பிறகும் சராசரியாக அது பழைய நிலைக்கு முழுதாகத் திரும்பவில்லை. சம்பளம் போனதால் மட்டும் வரும் வலியும் இல்லை இது. வருமான இழப்பைக் கழித்துவிட்டுப் பார்த்தாலும் பெரும்பகுதி மிஞ்சுகிறது என்று அதே நாட்டில் வேறு ஆய்வு சொல்கிறது. காலையில் கிளம்பிப் போக ஓர் இடம், பெயர் சொல்லிக் கூப்பிடும் மாணவர்கள், தான் இல்லாவிட்டால் நடக்காத ஒரு வகுப்பு. இதையெல்லாம் உங்கள் சம்பளத்திலிருந்து அவருக்கு வாங்கித் தர முடியாது. மொழி தெரியாத நாட்டில், 40 வயதைத் தாண்டியவர், கல்லூரியில் பாடம் நடத்தும் வேலையையே திரும்பப் பெறுவது எளிதில்லை. மென்பொருள்காரர்களுக்கு ஆங்கிலமே போதும் என்பது உங்கள் துறையின் அதிர்ஷ்டம், அவர் துறையில் அப்படி இல்லை.

அவர் உங்களிடம் பூட்டானைப் பற்றிப் பேசியிருக்கலாம். "எனக்குப் பயமாக இருக்கிறது, அங்கே நான் யார்?" என்று சொல்வதைவிட அது எளிது. ஆண்களுக்கு இது பொதுவாக வாயில் வராத வாக்கியம். இது என் ஊகம்தான், அவரைப் பார்க்காமல் இதற்கு மேல் சொல்லக் கூடாது. ஆனால் பட்டியல்களை ஒரு நாள் எடுத்துவைத்துவிட்டு, அங்கே ஒரு நாள் பகலை எப்படிக் கழிப்பார் என்று அவரையே விவரிக்கச் சொல்லுங்கள். நடுவில் தீர்வு சொல்லாதீர்கள்.

அம்மாவைப் பற்றியும் "தம்பி பார்த்துக்கொள்வான்" என்று ஒரு வரி இருக்கிறது. தம்பியிடம் கேட்டீர்களா என்று எழுதவில்லை. வயதான பெற்றோரை உடன் அழைத்துப்போக அனுமதிக்கும் விதிகள் பல பணக்கார நாடுகளில் மிகக் குறுகலானவை, அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்துவிட முடியாது.

கையெழுத்துக்கு முன்

உங்கள் முன்னால் போவது, போகாமல் இருப்பது என்று இரண்டு வழி மட்டும் இல்லை. நீங்கள் மட்டும் முதலில் போய் ஆறு மாதமோ ஒரு வருடமோ பார்ப்பது ஒரு வழி. 14 வயதுப் பெண் பிள்ளையும் தனியாக நிற்கும் திருமணமும் அதற்கு விலை கொடுக்க வேண்டியிருக்கும் என்பதால் அதை நான் முதலில் சிபாரிசு செய்ய மாட்டேன். கணவர் ஊதியமில்லா நீண்ட விடுப்பு எடுத்துக்கொண்டு, வேலையை விடாமல் எல்லோரும் போவது இன்னொன்று. அவர் கல்லூரியில் அதற்கு விதி இருக்கிறதா, அதிகபட்சம் எவ்வளவு காலம், திரும்பினால் அதே பணிமூப்பு நிற்குமா என்பதை எழுத்தில் கேட்டு வாங்கச் சொல்லுங்கள். என் சாய்வு இதன் பக்கம்தான். வேலையின் பெரும்பகுதியை இங்கிருந்தே செய்ய முடியுமா என்று நிறுவனத்திடம் கேட்பதிலும் தப்பில்லை. உங்களைத் தேர்ந்தெடுத்துவிட்ட பிறகு அவர்களுக்கும் உங்களை விட மனமிருக்காது.

நிறுவனத்திடமும் அந்நாட்டுக் குடிவரவுத் துறையிடமும் எழுத்தில் பெற வேண்டியவை சில. துணைவருக்கான விசாவில் வேலை செய்ய உரிமை உண்டா, முதல் நாளிலிருந்தேவா. தகுதிகாண் காலத்தில் உங்களை நிறுத்திவிட்டால், வேறு வேலை தேட எத்தனை மாதம் அந்நாட்டில் இருக்கலாம். திரும்பி வரும் செலவு யாருடையது. இதில் பலரும் தவறவிடும் ஒன்று உண்டு. பின்லாந்து, டென்மார்க் போன்ற நார்டிக் நாடுகளின் பாதுகாப்பு வலை புகழ்பெற்றது, ஆனால் விமானம் இறங்கிய அன்றே அது முழுதாக உங்களுடையதாகிவிடாது. டென்மார்க், பின்லாந்து ஆகிய நாடுகளில் முந்தைய சம்பளத்தை ஒட்டிய வேலையின்மை உதவித்தொகை வேண்டுமென்றால், அதற்கான நிதியத்தில் நீங்களாக விண்ணப்பித்து உறுப்பினராகி, குறிப்பிட்ட காலம் வேலையும் செய்திருக்க வேண்டும். ஏணியில் அந்நாட்டு மக்கள் நிற்கும் உயரத்துக்குக் காரணமான விஷயங்களில் இதுவும் ஒன்று. புதிதாக வருகிறவர் முதல் வருடம் அது இல்லாமல்தான் நிற்கிறார்.

மகளிடம் கேளுங்கள், ஆனால் முடிவை அவள் தலையில் வைக்காதீர்கள். "போகலாமா" என்பது அவள் வயதுக்குப் பெரிய கேள்வி. எதை விட்டுவிட்டுப் போவதுதான் அவளுக்குக் கஷ்டம் என்று கேட்டால் சொல்லிவிடுவாள்.

இவ்வளவையும் ஒரு மாதத்தில் முடிக்க முடியாது. நிறுவனத்துக்கு இந்த வாரமே எழுதி இன்னும் மூன்று வாரம் அவகாசம் கேளுங்கள், வேறு நாட்டுக்கு ஆள் எடுக்கும் நிறுவனங்களுக்கு இது பழக்கமான வேண்டுகோள்தான். கணவரின் விடுப்பு விதிகள் கைக்கு வந்ததும் இருவரும் சேர்ந்து ஒரு குடும்பநல ஆலோசகரைப் பாருங்கள். அட்டவணையையும் கொண்டுபோங்கள், அதில் கணவர் தன் கையால் எழுதிச் சேர்த்த கட்டங்களும் இருக்கட்டும்.